கடுஞ்சொல்லும் கருத்துரிமையும்

(மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவன் ஒருவன் எழுதியது)

மனிதன் பேசக் கற்றுக்கொண்ட நாளிலேயே அடுத்தவன் பேச்சை நிறுத்தவும் கற்றுக்கொண்டான் போலும். வீட்டில் சிறுவன் பேசினால் “பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேலை” என்கிறோம். பெண் பேசினால் “பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது” என்கிறோம். தெருவில் ஏழை பேசினால் “அவனுக்கு இடம் கொடுத்தது யார்” என்று கேட்கிறோம். இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், பேச உரிமை உண்டு என்ற ஒரே காரணத்தால் வாய்க்கு வந்ததையெல்லாம் வாரி இறைத்து, கேட்பவர் கூனிக் குறுகி நிற்பதைக் கண்டு மகிழ்கிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பேச்சை அடக்குகிறவனும் பேச்சால் அடிக்கிறவனும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே ஆளாகவும் இருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் கோட்டை எங்கே கிழிப்பது? அதைக் கிழிக்கும் உரிமை யாருக்கு? இக்கேள்வி தில்லியில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. நாற்பது பேர் படிக்கும் ஒரு கையெழுத்து ஏட்டுக்கும் உரியது. அதை நான் சட்டப் புத்தகத்தில் படித்ததோடு, எங்கள் சோழபுரத்தில் ஒரு மர மேசையின் முன் நின்று நேரிலும் கண்டேன். அதையே இங்கே என் சக மாணவ நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஏடு

இராசபாளையம் வட்டத்துச் சோழபுரத்தைப் பற்றி இந்தக் கல்லூரியில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலை, காலையில் பஞ்சாலைக்கும் தையல் கூடங்களுக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள், மாலையில் அதே வண்டிகளில் களைத்துத் திரும்பும் முகங்கள். அங்கே நாங்கள் ஆறு நண்பர்கள் சேர்ந்து மாதம் ஒரு கையெழுத்து ஏடு நடத்துகிறோம். “கைப்பேசி வந்த காலத்தில் கையெழுத்துப் பத்திரிகையா?” என்று சிரித்தவர்கள் உண்டு. எங்கள் தாத்தாமார் காலத்தில் ஊருக்கு ஊர் இத்தகைய ஏடுகள் இருந்தன. கோடு போட்ட தாளில் ஒருவர் அழகாக எழுத, மற்றொருவர் படம் வரைய, வீடு வீடாகச் சுற்றி வரும். அந்தப் பழக்கத்தை நாங்கள் மீண்டும் தொடங்கினோம். ஒரே ஒரு படிதான். அது ஒரு சிறிய படிப்பக மேசையில் இருக்கும். வேண்டியவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

பழைய கையெழுத்து ஏடுகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. கடைசியில் சில தாள்களை வெற்றாக விட்டுவிடுவார்கள். படித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுத வேண்டும். நாங்களும் எட்டுப் பக்கம் விட்டோம். ‘வாசகர் பக்கங்கள்’ என்று தலைப்பிட்டோம். பெயர் எழுத விருப்பமில்லாதவர்கள் எழுதாமலும் இருக்கலாம் என்று விதி செய்தோம். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் பெயர் போட்டு எழுதக்கூடியவர்கள் சிலர்; எழுதிவிட்டு மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் பலர். அந்தப் பலரின் குரலும் வர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அந்தப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது.

இரண்டு குறிப்புகள்

ஒரு மாதம் எங்கள் ஏட்டில் ஓர் அக்கா கட்டுரை எழுதினார். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் வேலைக்குப் போனவர். உருப்படிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்ணின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று இரண்டரைப் பக்கத்தில் எழுதியிருந்தார். யார் பெயரும் அதில் இல்லை. எந்த ஊர்த் தையல் கூடம் என்றும் இல்லை. நூல் அறுந்தால் போகும் நேரம் யார் கணக்கு, மின்சாரம் நின்றால் போகும் நேரம் யார் கணக்கு என்று இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். அவ்வளவுதான்.

ஒரு வாரத்தில் வாசகர் பக்கங்கள் நிறைந்துவிட்டன. பாராட்டுகள் பல. நடுவே இரண்டு குறிப்புகள், இரண்டும் பெயரில்லாதவை.

முதல் குறிப்பு, எங்கள் படிப்பகத்துக்கு நாளிதழ்ச் சந்தா கட்டிவந்த ஒரு பெரியவரைப் பற்றியது. அவருக்கும் தையல் தொழிலில் பங்குண்டு. “பேப்பர் வாங்கிப் போடுகிறவர், ஓவர்டைம் காசையும் ஒழுங்காகப் போட்டால் நாங்களே பேப்பர் வாங்கிக்கொள்வோம்” என்று தொடங்கி, இன்னும் நான்கு வரி சூடாக இருந்தது.

இரண்டாவது குறிப்பு அந்த அக்காவைப் பற்றியது. அவர் கேட்ட கேள்விக்கு அதில் ஒரு சொல்லும் பதில் இல்லை. அவர் எந்தத் தெருவில் பிறந்தவர் என்று ஒரு வசை. இரவு வண்டியில் திரும்பும் பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு வசை. அதற்கு மேல் அதை இங்கே எழுத என் பேனா இடங்கொடாது.

மூன்றாம் நாள் பெரியவர் சார்பில் இருவர் வந்தார்கள். முதல் குறிப்பைச் சுட்டி, “தம்பி, இதைக் கிழிச்சிரு. அண்ணாச்சி மனசு ரொம்பப் புண்பட்டுப் போச்சு” என்றார்கள். நான் இரண்டாவது குறிப்பைக் காட்டி, “அப்போ இது?” என்றேன். ஒருவர் படித்துவிட்டுச் சிரித்தார். “இது ஏதோ சின்னப் பய கிறுக்கினது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு? விட்டுத் தள்ளு” என்றார்.

நண்பர்களே, ஊர்வாய் பெரிய மனிதரைத் தொட்டால் அதற்கு உலைமூடி தேவைப்படுகிறது; ஓர் ஏழைப் பெண்ணைத் தொட்டால் உலைமூடி ஏது என்று பழமொழி சொல்லப்படுகிறது. நான் சொல்லவந்த சிக்கலின் முழு உருவமும் இந்த இரண்டு பதில்களுக்குள் இருக்கிறது.

இராசபாளையத்து முதல்வரும் ஒரு வார இதழும்

அன்றிரவு எனக்கு வகுப்பில் படித்த ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. அதற்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

இராசபாளையத்தில் பிறந்த பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். விடுதலைப் போரில் நின்றவர். எளிமைக்குப் பெயர் பெற்றவர். இராசபாளையத்தில் இருந்த தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அத்தகைய ஒருவரின் ஆட்சிக் காலத்தில்தான் அந்தத் தடை பிறந்தது. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் என்பவர் ‘கிராஸ் ரோட்ஸ்’ என்னும் ஆங்கில வார இதழை நடத்திவந்தார். ஆட்சியாளரைக் கடுமையாகக் குறைகூறும் இதழ் அது. 1950 மார்ச் 1ஆம் நாள், அதாவது குடியரசு பிறந்து ஐந்து வாரங்களுக்குள், அந்த இதழ் சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. பொது ஒழுங்கைக் காப்பதற்காக 1949இல் செய்த ஒரு சட்டம் அதற்குக் கருவியாயிற்று.

தாப்பர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1950 மே 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது. எழுதியவர் பதஞ்சலி சாஸ்திரி. முன்னர் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். தடை செல்லாது என்றார். கருத்தை வெளியிடும் உரிமை என்றால் அது பலரிடம் போய்ச் சேரும் உரிமையும் சேர்ந்ததே என்றார். அமெரிக்க அரசியலமைப்பை வகுத்தவர்களில் ஒருவரான மாடிசன் சொன்ன ஓர் உவமையையும் அந்தத் தீர்ப்பு எடுத்தாண்டது. கெட்ட கிளைகளை வெட்டப் போய், நல்ல கனி கொடுக்கும் கிளைகளின் உயிர்ச்சத்தையும் கெடுத்துவிடுவதைவிட, கெட்டவை சிலவற்றை அப்படியே வளர விடுவது மேல் என்பது அதன் கருத்து.

இராசபாளையத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. கவாத்து செய்யத் தெரியாதவன் கையில் அரிவாளைக் கொடுத்தால் அடுத்த ஆண்டு காய்ப்பு என்னாகும் என்று அவர்களுக்குத் தெரியும். இதை நான் அம்மனிதரைக் குறைகூறுவதற்காகச் சொல்லவில்லை. நல்லவர்களும் நாட்டுக்கு நல்லது என்று எண்ணியே அரிவாளை எடுக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. தடை போடுகிறவன் எப்போதும் கொடியவனாக இருப்பதில்லை. ஆகவே நம் கையில் அரிவாள் வரும்போது நாமும் நம் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிவிட முடியாது.

கதை அத்தோடு முடியவில்லை. மறு ஆண்டு, 1951இல், அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. பேச்சுரிமைக்கு வரம்பு விதிக்கக்கூடிய காரணங்களில் பொது ஒழுங்கும், குற்றம் செய்யத் தூண்டுதலும் சேர்க்கப்பட்டன. ஆனால் அந்த வரம்பு ‘நியாயமான’ வரம்பாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் அப்போதுதான் சேர்ந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அதன்பின் வந்த வழக்குகள் நடந்துவருகின்றன.

புண்பட்ட மனங்கள்

பெரியவருக்கு மனம் புண்பட்டது என்றார்களே, அதையும் நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. மனம் புண்படுவது உண்மையான துன்பம்தான். ஆனால் யார் மனம் புண்பட்டாலும் எழுத்தை அழிக்கலாம் என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டு வரலாறே சான்று.

1987இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்து ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. சட்டமன்றத்தின் மனம் புண்பட்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நாடெங்கும் கண்டனம் எழவே சில நாட்களில் விடுதலை செய்தார்கள். பின்னர் அவர் நீதிமன்றத்தில் வழக்காடி வென்று, இழப்பீடாக ஆயிரம் ரூபாய் பெற்றார்.

அடுத்தது நம்மைப் போன்ற ஓர் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பேராசிரியரின் கதை. பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ நாவலுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் போராட்டம் கிளம்பியது. 2015 சனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஓர் அமைதிப் பேச்சு நடந்தது. அதன் முடிவில் அவர் மன்னிப்புக் கேட்டு எழுதித் தரவேண்டியதாயிற்று. எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 சூலை 5ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடலாம், யாரும் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்றது. எழுத்தாளர் மீண்டும் எழுந்து எழுதட்டும் என்றது. நீதிமன்றம் எழுப்பிவிட்டது. ஆனால் இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு மௌனத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

இந்தியாவில் ஒரு சட்டப் பிரிவே இந்த மனப்புண்ணை அடிப்படையாகக் கொண்டிருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, கணினி வழியாக எரிச்சலோ தொல்லையோ தரும் செய்தியை அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை என்றது. எரிச்சலுக்கு அளவுகோல் ஏது? ஒருவனுக்கு எரிச்சல் தருவது மற்றொருவனுக்குச் சிரிப்பு. 2015 மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை அடியோடு நீக்கியது. நீக்கியபோது நமக்கெல்லாம் பயன்படக்கூடிய ஒரு படிக்கட்டையும் கட்டிக் கொடுத்தது. ஒன்றைப் பற்றி விவாதிப்பது முதற்படி. ஒன்றுக்காக வாதாடுவது இரண்டாம் படி. தீங்கு செய்யத் தூண்டுவது மூன்றாம் படி. முதல் இரண்டும் எவ்வளவு வெறுப்பைத் தந்தாலும் உரிமையே. மூன்றாம் படியில்தான் சட்டம் கை நீட்டலாம்.

இந்தக் கணக்கில் பெரியவரைப் பற்றிய குறிப்பு எங்கே நிற்கிறது? அது ஒரு செயலைக் கேட்கிறது: ஓவர்டைம் கொடுத்தீரா இல்லையா? அதற்குப் பதில் உண்டு. கணக்கு நோட்டைக் காட்டினால் முடிந்தது. கேட்ட விதம் கடுமைதான். ஆனால் செவி கசக்கச் சொன்னாலும் பொறுத்துக்கொள்வதே ஆள்பவனுக்கு அழகு என்று வள்ளுவர் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே அரசனுக்குச் சொல்லிவிட்டார். அரசனுக்கே அதுதான் விதி என்றால் மற்றவர்களுக்கும் அதுதானே விதி?

பிறப்புக்கு என்ன மறுப்பு?

எங்கள் ஆறு பேரில் ஒருவன் சொன்னான்: “அப்படியானால் இரண்டையும் விட்டுவிடுவோம். உரிமை என்றால் எல்லோருக்கும் உரிமை. வசைக்குக் கீழே மறுப்பு எழுதுவோம்.” கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மறுப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் கை நின்றது. கருத்துக்கு மறுப்பு எழுதலாம்; கணக்குக்கு மறுப்பு எழுதலாம். பிறப்புக்கு என்ன மறுப்பு எழுதுவது? “நான் அந்தத் தெருவில் பிறக்கவில்லை” என்றா? “பிறந்தேன், அதனால் என்ன” என்றா? எதை எழுதினாலும் அந்த அக்கா நூல் அறுந்த நேரத்தைப் பற்றிக் கேட்ட கேள்வி காணாமல் போய்விடும். அதுதான் அந்த வசையின் நோக்கமும். அது அவர் பேச்சுக்குப் பதில் பேச்சன்று. அவரைப் பேசவிடாமல் செய்யும் வழி. பேச்சுரிமையின் பெயரால் அதைக் காத்தால், ஒருவர் பேச்சை மற்றொருவர் பறிப்பதற்கே காவல் நின்றவர்களாவோம்.

நம் மாவட்டத்துக்கு இது புத்தகப் பாடம் அன்று. 1997இல் நம் பகுதிக்கென அமைந்த அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டது. விடுதலைக்காக உயிர் கொடுத்தவராகப் போற்றப்படும் ஒருவரின் பெயர்தான் அது. ஆனால் அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்றார்கள் சிலர். மோதல்கள் மூண்டன, உயிர்கள் போயின. கடைசியில் அவ்வாண்டே அரசு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. காமராசர் மாவட்டம் என்றிருந்த நம் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். அந்த ஆண்டைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். பிறப்பைச் சொல்லி வீசும் ஒரு வசை இந்த மண்ணில் எவ்வளவு தூரம் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பலர் அறிய ஒருவரைச் சாதியைச் சொல்லி வேண்டுமென்றே இழிவு செய்வதைக் குற்றமாக வைத்திருப்பதும் இதை அறிந்துதான்.

ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில் ஓர் எடுத்துக்காட்டு வரும். தானிய வணிகர்கள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினால் அதைத் தடுக்கக் கூடாது. அதையே ஒரு வணிகனின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்தின் முன் சொன்னால் தண்டிக்கலாம் என்கிறார். ஒரே சொல்தான். நிற்கும் இடம் மாறினால் அதன் வேலை மாறிவிடுகிறது. நாற்பது பேர் படிக்கும் ஊர் ஏட்டில், இரவில் தனியே நடந்து வீடு திரும்ப வேண்டிய ஒரு பெண்ணைப் பற்றி எழுதிய வசை, அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னதற்குச் சமம் அல்லவா?

என்ன செய்தோம்?

முடிவெடுக்கும் முன் அந்த அக்காவிடமே போய்க் கேட்டோம். பெரியவரைப் பற்றிய குறிப்பை “இருக்கட்டும்” என்றார். தம்மைப் பற்றிய குறிப்பைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “இதை அழிச்சிட்டீங்கன்னா, இப்படி ஒருத்தன் எழுதவே இல்லைன்னு ஆயிரும். அழிக்காம விட்டீங்கன்னா, பள்ளிக்கூடம் விட்டு வந்து என் தம்பி படிப்பான்.”

எத்தனை சட்டப் புத்தகங்கள் படித்தாலும் இதைவிடத் தெளிவாக இந்தச் சிக்கலை நான் எங்கும் பார்த்ததில்லை. சுவடின்றி நீக்கினால் கொடுமை செய்தவன் தப்பித்துக்கொள்கிறான். நீக்காவிட்டால் கொடுமை நாள்தோறும் நடக்கிறது.

நாங்கள் செய்தது இது. அந்தக் குறிப்பின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினோம். அதில் இப்படி எழுதினோம்: “இங்கே ஒருவரின் பிறப்பையும் ஒழுக்கத்தையும் இழித்துரைக்கும் வரிகள் இருந்தன. கட்டுரையின் கருத்தைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லாததால் மறைத்திருக்கிறோம். எழுதியவர் கட்டுரையை மறுத்து எவ்வளவு கடுமையாக எழுதினாலும் வெளியிடுவோம்.” கீழே தேதியிட்டு ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். அடியில் உள்ள தாளைக் கிழிக்கவில்லை. அந்த அக்கா வழக்குக் கொடுக்க விரும்பினால் அது சான்றாக இருக்க வேண்டும் என்பதே காரணம். கொடுப்பதும் கொடாததும் அவர் விருப்பம்.

பெரியவரைப் பற்றிய குறிப்பைத் தொடவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம் முழுவதையும் அவருக்காக வெற்றாக விட்டு, “மறுமொழிக்கு” என்று மேலே எழுதி வைத்தோம்.

மறுபடியும் இருவர் வந்தார்கள். இம்முறை கிழிக்கச் சொல்லவில்லை. “நோட்டை ஒரு நாள் கொடுங்க. வருகைப் பதிவேட்டுல இருக்கிற கையெழுத்தோட ஒத்துப் பார்க்கணும்” என்றார்கள். ஏடு மேசையை விட்டு வெளியே போகாது என்று சொல்லிவிட்டோம். பெயரில்லாமல் எழுதலாம் என்று அழைத்துவிட்டு, எழுதியவனைக் காட்டிக் கொடுப்பது அறமாகாது. வசை எழுதியவன் கையெழுத்தையும் நாங்களாக யாரோடும் ஒத்துப் பார்க்கவில்லை. அது காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய வேலை.

அடுத்த மாதம் நாளிதழ்ச் சந்தா நின்றது. இது எதிர்பார்த்ததுதான். உரிமையைப் பற்றிப் பேசுவது இலவசம். அதைக் காப்பதற்குச் செலவு உண்டு. படிப்பகத்துக்கு வருகிறவர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டார்கள். இரண்டு நாளிதழ் வாங்கிய இடத்தில் ஒன்று வாங்கினோம்.

இரண்டு மாதம் கழித்து, வெற்றாகக் கிடந்த எதிர்ப்பக்கத்தில் ஆறு வரிகள் ஏறியிருந்தன. பெரியவரே வந்து, தம் பெயரிட்டு எழுதியிருந்தார். ஓவர்டைம் கூலி வாரந்தோறும் சனிக்கிழமை கொடுக்கப்படுவதாகவும், குறிப்பில் இருந்த தொகை தவறு என்றும் எழுதி, சரியான தொகையைக் குறிப்பிட்டிருந்தார். விசாரித்தபோது தொகையைப் பற்றி அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது. ஆனால் மின்சாரம் நின்ற நேரத்தைப் பற்றிய கேள்விக்கு அவர் பதில் எழுதவில்லை. அதையும் ஒரு வாசகர் அடியில் குறித்திருந்தார். கிழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தவறான தொகையே ஊர் முழுவதும் உலவியிருக்கும். அதைத் திருத்த அவருக்கே ஓர் இடம் இருந்திராது. தம்மைத் தாக்கிய பக்கம்தான் தம்மைக் காக்கும் பக்கமாகவும் இருந்தது என்பதை அவர் உணர்ந்தாரோ என்னவோ, நாங்கள் உணர்ந்தோம்.

வசைபாடியவர் மறுபடி எழுதினாரா என்று தெரியாது. ஆனால் பெண்கள் வேலையிடத்துச் செய்தியை வெளியே சொன்னால் வேலையே இல்லாமல் போய்விடும் என்று ஒருவர் பின்னர் எழுதியிருந்தார். எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. இருந்தும் அப்படியே விட்டோம். அதற்கு ஐந்து பேர் மறுப்பு எழுதினார்கள். மூன்று பேர் பெண்கள். அந்த அக்காவும் ஒருவர்.

நமக்கு உரியது

இந்த அனுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு சொல் கடுமையானதா இனிமையானதா என்று பார்த்து அதை நீக்க முடிவு செய்யக் கூடாது. அது ஒருவர் செய்ததைத் தாக்குகிறதா, ஒருவராகப் பிறந்ததைத் தாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். தாக்கப்பட்டவர் அதே இடத்தில் நின்று பதில் சொல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும். படித்தவன் கையில் அது கல்லைக் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிறகும் நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால், நீக்கிய கை எது, ஏன் நீக்கியது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். இருட்டில் எழுதும் வசையைப் போலவே இருட்டில் நடக்கும் தணிக்கையும் தீயது. வசையால் ஒருவர் வாய் அடைக்கப்படுகிறது. அத்தகைய தணிக்கையால் எத்தனை வாய்கள் அடைபட்டன என்று எண்ணக்கூட முடியாது.

மாணவ நண்பர்களே, இன்று இருக்கும் ஒரு சின்ன மேசைப் பொறுப்பு நாளை பெரிதாகும். நம்மில் சிலர் ஆசிரியர் ஆவோம். சிலர் அரசு அலுவலகத்தில் கையெழுத்திடும் இடத்துக்கு வருவோம். சிலர் செய்தித்தாளில் வேலை பார்ப்போம். ஒருவர் சட்டமன்றத்துக்கே போகவும் கூடும். அன்றைக்கு நம்மைப் பற்றி யாரோ ஒருவர், பெயரில்லாமல், சூடாக நான்கு வரி எழுதுவார். நம் மனமும் புண்படும். கிழித்துவிடலாம் என்று சொல்ல நம் பக்கத்திலும் இருவர் நிற்பார்கள். அப்போது எதிர்ப்பக்கத்தில் நம் மறுமொழியை எழுதப் பழகிக்கொள்வோம். அதே பக்கத்தில் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத ஒருவரைப் பற்றி வசை இருந்தால், அதைப் படித்துச் சிரிக்காமல் இருக்கவும் பழகிக்கொள்வோம்.